விளையாட்டுக் கிளச்சும் வீதிக் கிளச்சும்

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 47. கணவருக்குச் சென்ற வருடம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வாசலில் கார் நிற்கிறது. ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருவர் கணவர், அவரை ராத்திரியில் ஓட்ட வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொருவன் மகன், அவன் அடுத்த மாதம் வேலைக்காக வெளியூர் போகிறான். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவதுன்னா நான் யார் வீட்டுக் கதவைத் தட்டறது?" என்று கேட்கிறார்.

நெஞ்சு வலி என்றால் முதலில் 108-க்குத்தான் போன் செய்ய வேண்டும், சகோதரி. அதில் இரண்டு அபிப்பிராயமே இல்லை. ஆம்புலன்ஸில் வழியிலேயே கவனிக்க ஆள் இருப்பார்கள். நம் காரில் அது கிடையாது. ஆனால் மாதாந்திர செக்கப், மருந்துக் கடை, திடீர்க் காய்ச்சல் என்று எத்தனையோ இருக்கிறதே! ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டு மாமாவை எழுப்ப முடியுமா? கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற உங்கள் எண்ணம் ரொம்ப சரி.

இனிமேல்தான் விஷயம் வருகிறது. மகன் சமர்த்துப் பிள்ளை. "டிரைவிங் ஸ்கூலுக்கு ஏம்மா காசு? என் ரூம்லே ஸ்டியரிங், மூணு பெடல், கியர் எல்லாம் இருக்கு. ரெண்டு வாரம் ரேஸ் கேம்லே ஓட்டிப் பழகு. அப்புறம் நிஜக் கார் உனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றானாம். அம்மாவும் சமையலை முடித்துவிட்டுத் தினம் ஒரு மணி நேரம் அவன் அறையில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். கிளச்சை மிதித்துக் கியர் போட்டு, பிரமாதமாக வந்துவிட்டதாம். பதினைந்தாம் நாள் பக்கத்து மைதானத்தில் நிஜக் காரை எடுத்தார். அவர் எழுதியதையே தருகிறேன்: "ஏழு தடவை எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு. எட்டாவது தடவை வண்டி தவளை மாதிரி குதிச்சுது. பையன் சிரிச்சான். நான் இறங்கி வந்துட்டேன். எனக்கு வயசாயிடுச்சு. என் காலுக்கு இனிமே புத்தி வராது."

காலுக்குப் புத்தி இல்லாமல் இல்லை, அம்மா. அந்தப் பாடத்தை அதற்கு இன்னும் யாரும் நடத்தவே இல்லை. அந்த விளையாட்டு எதைச் சொல்லித் தந்தது, எதை விட்டுவிட்டது என்று பிரித்துப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில் கிளச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் வீட்டுத் தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும்போது என்ன செய்கிறோம்? கைச்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்திவிடுகிறோம். காலால் மிதித்தால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. நூல் சுற்றி முடிந்ததும் திருகை இறுக்கினால், ஊசி மறுபடி சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். கிளச் என்பதும் இதேதான். எஞ்சின் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கியர் பெட்டியும் சக்கரங்களும் இன்னொரு பக்கம். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அந்தத் திருகை இறுக்குவதில்லை. நிறுத்திவிட்டுத்தான் இறுக்குகிறோம். காரிலோ ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஓட்டத்தில்தான் இறுக்கியாக வேண்டும். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. 800-ல் சுற்றும் ஒரு தட்டும் அசையாத ஒரு தட்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். மெதுவாகத் தொட்டால் சற்று நேரம் வழுக்கி, உரசி, பிறகு ஒன்றாகச் சுற்றும். தடாலென்று ஒட்டினால், நிற்கிற காரின் கனம் எஞ்சினைப் பிடித்து நிறுத்திவிடும். அதுதான் உங்கள் ஏழு 'ஆஃப்'. எஞ்சினில் வேகம் கொஞ்சம் கூட இருந்தால் அது நிற்காமல் வண்டியை இழுத்து எறியும். அதுதான் எட்டாவது தவளை!

தட்டுகள் தொட்டு உரச ஆரம்பிக்கிற அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கிளச் வித்தை. டிரைவிங் மாஸ்டர்கள் "ஹாஃப் கிளச்" என்பார்கள். காலை ஒரு விரற்கடை தூக்கினால் போதும், வந்துவிடும். அரை விரற்கடை கூடினால் ஆஃப்.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1974-ல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'கிரான் டிராக் 10' என்று ஒரு பந்தய விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு விளையாடும் பெட்டி. அதில் ஸ்டியரிங், கியர், ஆக்ஸிலரேட்டர், பிரேக் எல்லாம் உண்டு. கிளச் மட்டும் இல்லை. பிறகு வந்த விளையாட்டுகள் பலவற்றிலும் அப்படியே. விளையாட வருகிறவன் ஜாலியாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போக வந்தவன். அவன் காலில் கிளச்சைக் கட்டி அழவிடுவானேன்? 1989-ல்தான் அட்டாரி கேம்ஸின் 'ஹார்ட் டிரைவின்' வந்தது. அதில் சாவி திருகிக் கிளப்ப வேண்டும்; நியூட்ரலோடு கூடிய கியர், மூன்றாவதாக ஒரு கிளச் பெடல் எல்லாம் வைத்திருந்தார்கள். நிஜக் காரைப் போலவே செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1989-ல்தான் நிஜப் பந்தயத்தில் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா ஒன் கார் வந்தது. அதில் ஓட்டத்தில் கியர் மாற்றக் காலுக்கு வேலையே இல்லை. ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் ஒரு தகட்டைத் தட்டினால் போதும். முதல் போட்டியிலேயே நைஜல் மான்ஸல் அதை ஓட்டி ஜெயித்துவிட்டார். விளையாட்டுப் பெட்டியில் கிளச் நுழைந்த வருடமும், பந்தயத்தில் கிளச்சின் வேலை குறைய ஆரம்பித்த வருடமும் ஒன்றே!

வீடுகளில் மூன்று பெடலும் ஆறு கியர்க் குச்சியும் பரவலாக வந்தது 2006-ல் வந்த லாஜிடெக் ஜி25-க்குப் பிறகுதான். உங்கள் மகன் அறையில் இருப்பது அதன் தம்பி, தங்கைகளில் ஒன்றாக இருக்கலாம். என் அக்கா பேரன் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங் அற்புதம் என்றே சொல்ல வேண்டும். உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. வளைவில் கையை இழுக்கிறது, கல்லில் ஏறினால் உதறுகிறது. கைக்கு நிஜமான சேதி வருகிறது. ஆனால் காலுக்கு?

பெரும்பாலான பெடல்களின் உள்ளே ஒரு ஸ்பிரிங், பழைய ரேடியோவில் வால்யூம் திருகு இருக்குமே, அது மாதிரி ஒரு சாதனம், அவ்வளவுதான். எத்தனை தூரம் மிதித்தாய் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் காலுக்குத் திரும்பி ஒன்றும் சொல்லாது. போகிற தபால் உண்டு, பதில் தபால் இல்லை. நிஜக் கிளச் பெடல் அப்படியா? மிதிக்க மிதிக்க முதலில் கனக்கும். பாதி தாண்டியதும் உள்ளே இருக்கும் வட்ட ஸ்பிரிங் மடங்கிக் கொடுப்பதால் கொஞ்சம் இலேசாகும். விட்டுக்கொண்டே வரும்போது தட்டுகள் தொடும் இடத்தில் பாதத்துக்கு ஒரு சின்ன நடுக்கம் தெரியும். எஞ்சின் சத்தம் தாழும். பானெட்டின் முனை ஒரு மயிரிழை தூக்கினாற்போல் இருக்கும். சீட்டும் முதுகும் "இதோ, கிளம்பப் போகிறேன்" என்று சொல்லும். கால், காது, கண், இடுப்பு நாலும் சேர்ந்துதான் ஹாஃப் கிளச்சைக் கண்டுபிடிக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது இவற்றில் காதும் கண்ணும்தான் வேலை செய்கின்றன, அவையும் அரைகுறையாக. ஸ்பிரிங் மடங்குவதைப் போலவே செய்யப்பட்ட பெடல்களும் விற்கின்றன. ஆனால் விலை பயமுறுத்தும்.

இன்னொன்று, முக்கியமானது. 'கிரான் டூரிஸ்மோ', 'ஃபோர்ஸா' போன்ற பேர்போன விளையாட்டுகளில் கிளச்சைத் தடாலென்று விட்டாலும் எஞ்சின் அணையாது. கம்ப்யூட்டரே எஞ்சினைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் பதினைந்து நாளும் கிளச்சைச் சரியாகத்தான் விட்டீர்களா, தப்பாக விட்டீர்களா என்று அது சொல்லவே இல்லை. பரீட்சையே வைக்காத பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாஸ்தானே! ஃபோர்ஸாவில் பையன்கள் கைப்பிடியில் ஒரு பட்டனைக் கிளச்சாக வைத்துக்கொள்கிறார்கள். பட்டனில் அரைக் கிளச் ஏது? அமுக்கினால் உண்டு, விட்டால் இல்லை; லைட் சுவிட்ச் மாதிரி. அப்படிச் செய்தால் கியர் சீக்கிரம் விழுந்து வேகம் கிடைக்கிறது என்பதற்காகவே பலர் அதை வைத்துக்கொள்கிறார்கள். வண்டியைக் குலுக்காமல் கிளப்புவது பற்றிய கவலை அதில் துளிகூடக் கிடையாது.

கியர்க் குச்சியும் அப்படித்தான். நிஜக் காரில் கிளச்சைச் சரியாக மிதிக்காமல் கியரைத் தள்ளிப் பாருங்கள், "கர்ர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போக மறுக்கும். விளையாட்டுக் குச்சியை யாரும் தடுப்பதில்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிடும். அதன் பிறகு திரையில் கார் 'கர்ர்' என்று சத்தம் போட்டு நியூட்ரலில் நிற்கும். தப்பு நடந்தது தெரிகிறது. ஆனால் தப்பு நடக்கும்போது கை அதை உணரவில்லை.

எல்லா விளையாட்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. 2008-ல் ஆரம்பித்த 'ஐரேஸிங்'கில் கார் சுழன்று நிற்கும்போது கிளச்சை மிதிக்காவிட்டால் எஞ்சின் அணைந்துபோகும். ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக் கம்பெனி ஒன்று செய்யும் 'பீம்என்ஜி டிரைவ்' என்பதில் கிளச்சை ரொம்ப நேரம் பாதியில் வைத்திருந்தால் தட்டு சூடேறிப் பாழாவதையும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் அந்தக் கருகல் நாற்றம் அதில் வராது. நிஜக் காரில் அடிபிடித்த பாலை விட மோசமாக ஒரு வாசனை வரும். ஒரு தடவை மூக்கில் ஏறினால் போதும், கால் ஜன்மத்துக்கும் மறக்காது. அடுப்பங்கரையில் இருபது வருஷம் நின்ற மூக்குக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

"அப்படியானால் வீடியோ கேம் விளையாடியே பெரிய ரேஸ்காரர் ஆனவர்கள் இருக்கிறார்களே?" என்று உங்கள் மகன் மடக்கலாம். இருக்கிறார்கள். நிஸான் கம்பெனியும் சோனியும் சேர்ந்து 2008-ல் ஜிடி அகாடமி என்று ஒரு போட்டி தொடங்கினார்கள். கிரான் டூரிஸ்மோவில் ஜெயிப்பவர்களைப் பொறுக்கி எடுத்து நிஜப் பந்தயக்காரர் ஆக்குவது திட்டம். ஸ்பெயின் தேசத்து லூகாஸ் ஓர்டோன்யெஸ் முதலில் ஜெயித்தார். 2011-ல் ஜெயித்த இங்கிலாந்துப் பையன் ஜான் மார்டன்பரோவின் கதை 2023-ல் சினிமாவாகவே வந்தது. ஆனால் அவர்களை விளையாட்டிலிருந்து நேரே பந்தயத்துக்கு அனுப்பிவிடவில்லை. நிஜக் காரில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்த பிறகே அனுப்பினார்கள். தவிர, பந்தயக்காரனுக்கு விளையாட்டு சொல்லித் தருவது எதை? வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, பார்வையை எவ்வளவு தூரத்தில் வைப்பது. இன்றைய பந்தயக் கார்கள் பலவற்றில் கிளச் என்பது கிளம்பும்போதும், நடுவே டயர் மாற்ற நிறுத்தும்போதும்தான். பந்தயம் முழுக்க நாலைந்து தடவை. நமக்கோ மெயின்கார்டு கேட்டிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் நாற்பது தடவை! பூக்காரி குறுக்கே வருவாள், டவுன் பஸ் நடுரோட்டில் நிற்கும், ஸ்பீடு பிரேக்கர் வரும். பந்தய விளையாட்டு 200 கிலோமீட்டர் வேகத்தை நிஜம் போலக் காட்டப் பிறந்தது. நமக்கு வேண்டியது 3 கிலோமீட்டர் வேகம். குறையெல்லாம் அந்த 3 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

அதற்காக உங்கள் பதினைந்து நாள் வீண் என்று நினைக்காதீர்கள். கிளச் முதலில், கியர் பிறகு என்ற வரிசை உங்களுக்கு வந்துவிட்டது. குனிந்து பார்க்காமல் இரண்டாவது கியர் எங்கே, மூன்றாவது எங்கே என்று கை கண்டுபிடிக்கும். இடது கால் ஒரு வேலை, வலது கால் இன்னொரு வேலை என்று பிரிந்து செய்வது புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சிரமமான காரியம். அதில் பாதி ஆகிவிட்டது. ஒன்று மட்டும் மகனைக் கேளுங்கள். கியர்க் குச்சி மேஜையின் எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது? அமெரிக்காக்காரர்களின் வீடியோவைப் பார்த்துப் பல பிள்ளைகள் வலது பக்கம் மாட்டிவிடுகிறார்கள். நம் ஊர்க் காரில் கியர் இடது கைக்கு. வலது பக்கம் இருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். திரையிலும் ஜப்பான் காராக எடுத்துக்கொண்டால் நல்லது. ஜப்பானிலும் நம்மைப் போலவே இடது பக்கம் போகிறவர்கள், ஸ்டியரிங் வலது பக்கம்தான் இருக்கும்.

வேண்டாத பழக்கம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெடலோடு விளையாடுகிறவர்கள் இடது காலால் பிரேக் பிடிப்பார்கள். நிஜக் காரில் அது ரொம்ப ஆபத்து. கிளச்சை ஓங்கி மிதித்துப் பழகிய இடது கால் பிரேக்கில் விழுந்தால் வண்டி குத்திட்டு நிற்கும். பின்னால் வருகிறவன் வந்து மோதுவான்.

சரி, இனி மைதானத்துப் பாடம். மகன் சிரித்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். முதலில் கையில் எல்.எல்.ஆர். இருக்க வேண்டும், முன்னும் பின்னும் 'எல்' போர்டு வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் கிளச்சும் பிரேக்கும் வைத்த டிரைவிங் ஸ்கூல் காரே மேல். ஸ்டியரிங், பெடல், கியர்க் குச்சி எல்லாம் வாங்கிய பணத்தில் டிரைவிங் ஸ்கூல் பாடம் தாராளமாக முடித்திருக்கலாம் என்பதைச் சந்தர்ப்பம் வரும்போது மகன் காதில் போட்டுவையுங்கள்.

சமதரையாக, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பாருங்கள். முதல் நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம். வலது கால் பிரேக்கின் மேல் மெதுவாக இருக்கட்டும். கிளச்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடுங்கள். ஹாண்ட் பிரேக்கை விடுவியுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இடது காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிறோமே, அந்த நிதானம் போதும். எஞ்சின் சத்தம் மாறும் இடத்தில் காலை நிறுத்துங்கள். அங்கேயே பிடியுங்கள், ஒன்று, இரண்டு எண்ணுங்கள். பிறகு பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தால் வண்டி எறும்பு மாதிரி நகரும். நகர்ந்ததும் கிளச்சை மறுபடி முழுக்க மிதித்து, பிரேக் போட்டு நிறுத்துங்கள். மறுபடி முதலிலிருந்து. இப்படி இருபது, முப்பது தடவை. நடுநடுவே இரண்டு நிமிஷம் ஓய்வு கொடுங்கள். தட்டும் ஆறும், காலும் ஆறும். இப்போது வரும் சாதாரணக் கார்களில் ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே சமதரையில் நகர எஞ்சினுக்குச் சக்தி இருக்கிறது. எஞ்சின் அணைந்தால் அணையட்டும், மானம் போய்விடாது. ஒவ்வொரு தடவை அணையும்போதும் 'பிடிக்கிற இடம் இதற்கு முன்னாலேயே இருக்கிறது' என்று கால் ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. விளையாட்டு தராமல் போன குறிப்பு இதுதான்.

இரண்டாம் நாள்தான் ஆக்ஸிலரேட்டர். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மேட்டுக்குப் போங்கள். 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியைப் பாருங்கள். செங்குத்தான மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பத் தெரிய வேண்டும் என்று ஓட்டுநர் சோதனையிலேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பழகியவருக்குச் சுத்தமாகப் புதிதாக இருக்கும் பாடம் இது. திரையில் மேடு தெரியும், ஆனால் உடம்பு பின்னால் சாயாது. ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வையுங்கள். கிளச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். வண்டி முன்னால் போகத் துடிப்பது இடுப்புக்குத் தெரிந்த பிறகு ஹாண்ட் பிரேக்கை விடுங்கள். அவசரம் வேண்டாம். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவனும் ஒரு நாள் 'எல்' போர்டு மாட்டியவன்தான்.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளச்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைப்பாக நீண்டால் சீட்டை முன்னால் தள்ளுங்கள். இல்லாவிட்டால் இடுப்பு வலி கேட்காமலே வரும். நம்மில் உயரம் குறைந்தவர்கள் அதிகம். முன்னால் தெரியவில்லை என்றால் முதுகுக்கும் அடிக்கும் கெட்டியான குஷன் வைத்துக்கொள்ளுங்கள், வழுக்குகிற தலையணை கூடாது. வீட்டில் விளையாட்டில் பழகும்போதும் சக்கரம் வைத்த நாற்காலி வேண்டவே வேண்டாம். கிளச்சை மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும், அதைப் பிடித்து நிறுத்த முழங்கால் பாடுபடும். ஓட்டத்தில் கிளச் மேல் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள். தட்டும் தேயும், கணுக்காலும் வலிக்கும். புடவை கட்டிக்கொண்டு தாராளமாக ஓட்டலாம். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, பெடல் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பும் குதி உயர்ந்த செருப்பும் ஆகாது. பின்வார் உள்ள தட்டையான செருப்பு போதும்.

இடது முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளச்சோடு மல்லுக்கட்டாதீர்கள். 2014-ல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து, தானே கியர் மாற்றும் வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிற விலையில் கிடைக்கிறது. மின்சாரக் காரில் கிளச்சே கிடையாது. இதிலும் ஒரு கூத்து! கிளச் இல்லாத மின்சாரக் காரில், கிளச் பெடலும் கியரும் இருப்பது போலப் பாவனை செய்யும் சோதனை வண்டி ஒன்றை டொயோட்டா கம்பெனி தயாரித்துக் காட்டியிருக்கிறது. கிளச்சைத் தப்பாக விட்டால் எஞ்சினே இல்லாத அந்தக் கார் அணைந்துபோவது போல நடிக்குமாம்! வீடியோ கேம் காரைக் காப்பியடித்தது போய், கார் வீடியோ கேமைக் காப்பியடிக்கிற காலம். உங்கள் வாசலில் நிற்பது கியர் வண்டிதான் என்று எழுதியிருப்பதால், உங்களுக்கு மைதானம்தான் வழி.

இதே தபாலில் கோவையிலிருந்து இன்னொரு தாய் நேர்மாறாக எழுதியிருக்கிறார். அவர் பையனுக்கு வயது 15. மூன்று வருடமாக இந்த விளையாட்டில் கிளச், கியர் எல்லாம் போட்டு ஓட்டுகிறானாம். "அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். ஒரே ஒரு ரவுண்டு, நம்ம தெருவிலே மட்டும்" என்று தினம் நச்சரிக்கிறானாம். அப்பாவும் "பையன் நல்லாத்தானே ஓட்டறான்" என்று பரிந்து பேசுகிறாராம்.

கூடவே கூடாது, அம்மா. அவனுக்குத் தெரிந்ததிலும் தெரியாததிலும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஒன்று கூடுதலாக உண்டு. அவன் விளையாட்டில் மோதினால் ஒரு பட்டனை அமுக்கி மறுபடி ஆரம்பித்திருக்கிறான். எத்தனை நூறு தடவையோ! உங்கள் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டன் கிடையாது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. கார் ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவுப்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்த வண்டியின் பதிவை 12 மாதம் ரத்து செய்வார்கள். பையனுக்கும் 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதைப் பையனிடம் சொல்வதை விட முதலில் அவன் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். காரின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள், பெரும்பாலும் டி.வி. பக்கத்து ஆணியில்தான் தொங்கும். அதை எடுத்து உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.